குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குக் கொடுக்கும் பணமும் வருமான வரியும்

போன வாரம் ஒரு தங்கச்சி போனை நீட்டி, "சார், இது உண்மையா?"ன்னு கேட்டாங்க. அவங்க வேலைக்குப் போறவங்க. மூணு வயசுக் குழந்தையை அவங்க அம்மாதான் பார்த்துக்கறாங்க. அதுக்காக மாசம் 8,000 ரூபாய் அம்மாவோட வங்கிக் கணக்குக்கு அனுப்புறாங்க. பாட்டிக்குப் பணம் கொடுத்தாலும் வரிச் சலுகை உண்டுன்னு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருக்கு. ரிட்டர்ன் போட்டுத் தர்றவரும், "போட்டுடலாம், ரீஃபண்டில் எனக்கு ஒரு பங்கு கொடுங்க"ன்னு சொல்லியிருக்கார்.

வீடியோ பொய்யில்லை. ஆனா அது அமெரிக்கச் சட்டம். அங்கே 13 வயசுக்குக் குறைவான குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொண்டாலும், அவர் உங்களைச் சார்ந்திருப்பவராகக் கணக்கில் காட்டப்படாதவர் என்றால், வேலைக்குப் போகும் பெற்றோர் கொடுத்த தொகையில் ஒரு பகுதியை வரியில் கழித்துக்கொள்ளலாம். நம்ம வருமான வரிச் சட்டத்தில் அப்படி ஒரு சலுகை கிடையாது. பாட்டிக்குக் கொடுத்தாலும் சரி, ஆயாவுக்குக் கொடுத்தாலும் சரி, அந்தப் பணத்தை உங்கள் வருமானத்திலிருந்து கழிக்க முடியாது.

அப்போ அம்மா வரி கட்டணுமா? இந்தக் கேள்விதான் நிறையப் பேருக்குப் பயம். மகள் அம்மாவுக்குக் குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணம், உறவினரிடமிருந்து வரும் பணம். அதற்கு வரி இல்லை, தொகைக்கு உச்சவரம்பும் இல்லை. மாமியார், அண்ணி இருவரும் இந்த 'உறவினர்' பட்டியலில் வருவார்கள். இல்லை, இது சம்பளமாகவே பேசிக் கொடுக்கிறதுன்னா, அது அவங்க வருமானம். அப்பவும் வருஷத்துக்கு 96,000 ரூபாய்தான். 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. அம்மாவுக்கு ஓய்வூதியமோ வாடகையோ வந்தால் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, உண்மையிலேயே என்ன கழிக்கலாம்? பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்கள் இரண்டு குழந்தைகள் வரை பள்ளிக் கல்விக் கட்டணத்தைக் காட்டலாம். பிளே ஸ்கூல், நர்சரியும் இதில் சேரும். பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்து மொத்த வரம்பு 1.5 லட்சம். கல்விக் கட்டணம் மட்டும்தான். நன்கொடை, வேன் கட்டணம் வராது.

இன்னொரு யோசனையும் சொல்லுவாங்க: "அம்மாவுக்குக் கொடுக்கிறதை வாடகைன்னு காட்டிடுங்க." நீங்க அம்மா பேரில் இருக்கிற வீட்டில் குடியிருந்து, உண்மையாகவே வாடகை கொடுத்து, அவங்களும் அதை வருமானமாகக் காட்டினால் பழைய முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு கேட்கலாம், தப்பில்லை. குழந்தை பார்க்கக் கொடுத்த பணத்துக்கு வாடகைன்னு பேர் மாத்துறது வேற விஷயம். பொய்க் கணக்குன்னு தெரிந்தால், கட்டாத வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரும். அது வர்றது உங்க பான் நம்பருக்கு. ரிட்டர்ன் போட்டவர் அப்போ போன் எடுக்க மாட்டார்.

இதில் வேடிக்கை என்னன்னா, அந்தத் தங்கச்சியோட வருஷச் சம்பளம் 7 லட்சம். புதிய முறையில் சம்பளம் மட்டும் இருப்பவருக்கு 12.75 லட்சம் வரை வரி வராது. இல்லாத வரிக்கு எதுக்குப் பொய்?

முந்தின வருஷம் ஏற்கெனவே அப்படிப் போட்டிருந்தா, துறை கேட்கும்வரை காத்திருக்காதீங்க. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 4 ஆண்டு வரை திருத்திய ரிட்டர்ன் போட வழி இருக்கு. அதில் வரியோடு 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதலாகக் கட்டணும், தள்ளிப்போடப் போட அது ஏறும். வருமான வரித் துறையின் தளத்தில் உங்க கணக்கைத் திறந்து, போட்ட ரிட்டர்னை டவுன்லோட் பண்ணி, எந்தெந்தக் கழிவு காட்டியிருக்குன்னு நீங்களே ஒருமுறை பாருங்க. பாஸ்வேர்டு வேற யார்கிட்டயாவது இருந்தா இன்னைக்கே மாத்திடுங்க.