குளித்தவனுக்கும் கால் கழுவ வேண்டும்

(படப்பையில் ஊழிய ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைச் சாப்ளின் அளித்த தேவசெய்தி)



யோவான் 13-ஆம் அதிகாரத்தைப் பெரிய வியாழன் ஆராதனையில் வாசித்து, தாழ்மையைக் குறித்துப் பேசிவிட்டு மூடிவிடுகிறோம். தாழ்மை அங்கே உண்டுதான். ஆனால் பத்தாம் வசனத்தில் வேறொரு காரியமும் இருக்கிறது. பேதுரு முதலில் காலைத் தொடவே விடமாட்டேன் என்கிறான். அப்படியானால் பங்கில்லை என்று கேட்டதும், கையையும் தலையையும் சேர்த்து நீட்டுகிறான். ஆண்டவர் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை.

கிரேக்கத்தில் அங்கே இரண்டு சொற்கள் வருகின்றன. 'லூவோ' என்றால் உடம்பு முழுவதும் குளிப்பது. 'நிப்டோ' என்றால் கை கால் கழுவுவது. குளித்தவன் திரும்பக் குளிக்க வேண்டாம். தெருவில் நடந்த காலைக் கழுவினால் போதும். ஆரோனுக்கும் இப்படித்தான். யாத்திராகமம் 29-இல் ஆசாரியனாகும் நாளில் ஒரே ஸ்நானம். 30-இல் பலிபீடத்தண்டை சேரும்போதெல்லாம் வெண்கலத் தொட்டியில் கையும் காலும் கழுவ வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ள எருசலேமுக்குப் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டை அடுத்த திருமணி வரை போனால் போதும். அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தை டாக்டர் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்தார். வேலூர் சி.எம்.சி.யிலிருந்து டாக்டர் பால் பிராண்ட் 1947-இல் அதைப் பார்க்க வந்தார். விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையை இறுகப் பிடிக்கச் சொன்னார். வலி தாங்காத அளவுக்கு அந்தப் பிடி பலமாயிருந்தது! கை செத்துப்போகவில்லை என்று அன்று கண்டுகொண்டார். பல ஆண்டுகள் கவனித்து, நோய் நேராக விரலைத் தின்பதில்லை, உணர்ச்சி அற்றுப்போவதால் சூடும் வெட்டும் கொப்புளமும் தெரியாமல் சிதைகிறது என்று நிலைநாட்டினார்.

(நடுவே ஒரு வார்த்தை. தொழுநோய் பாவத்தின் கூலி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. யோவான் 9-இல் ஆண்டவர் அந்தக் கணக்கையே தள்ளிவிட்டார். நம் ஜனங்கள் அதை இன்னும் விடாதது துக்கம்.)

1981 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. ரிஃபாம்பிசின், டாப்சோன், கிளோஃபசிமின் என்ற மருந்துகள். நோயின் வகைப்படி ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். அதோடு கிருமி ஒழிந்தது. அவர் குணமானவர், அவரால் யாருக்கும் தொற்றாது. அந்தத் தீர்ப்பை எவரும் மாற்ற முடியாது. ஆனால் செத்த நரம்பில் பெரும்பாலும் உணர்ச்சி திரும்புவதில்லை. ஆகையால் தினமும் இருபது நிமிடம் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, ஈரம் உலருமுன் எண்ணெய் தடவி, விரலிடுக்கில் காயம் உண்டா என்று பார்க்க வேண்டும். மெத்தென்ற ரப்பர் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. ஆயுள் முழுவதும் இதுதான்.

இதைச் செய்யாதவருக்கு நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமல்ல. ஆனாலும் கால் போய்விடும். குணமான சான்றிதழ் கையில் இருக்க, ஒரு சிறு முள் புண்ணாகி, புண் எலும்பைத் தொட்டு, காலையே எடுக்கவேண்டி வருகிறது. வலித்திருந்தால் அன்றே பிடுங்கியிருப்பார்.

நம் சபைகளில் இரண்டு வகையாரைப் பார்க்கிறோம். ஒரு வகையார் ஒவ்வொரு கன்வென்ஷனிலும் கை உயர்த்தி, ஒவ்வொரு முறையும் புதிதாக இரட்சிக்கப்படப் பார்க்கிறார்கள். ஒரு கோபம், ஒரு பொய், உடனே எல்லாம் போய்விட்டதென்று நடுங்குகிறார்கள். கிறிஸ்துவின் இரத்தத்தை அத்தனை பலவீனமாக எண்ணலாகாது. மற்றவர்கள் முப்பது வருஷத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்த தேதியைச் சொல்லி நிம்மதியாயிருக்கிறார்கள். சகோதரனோடு வழக்கு, வேலைக்காரிக்குக் கூலி பாக்கி, எதுவும் குத்துவதில்லை. நமக்கு அதிக பயம் இவர்களைக் குறித்துத்தான். எபேசியர் 4:19 சொல்வது இந்த மரத்துப்போன நிலையை அல்லவா? 1 யோவான் 1:9 புறஜாதிகளுக்கு எழுதிய அழைப்பு அல்ல, விசுவாசிகளுக்கு எழுதியது.

இன்னொன்று. தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது எளிதல்ல. கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். கண்ணும் பாதிக்கப்பட்டவருக்கு வீட்டில் ஒருவர் குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டவரும் பதினாலாம் வசனத்தில் ஒருவர் காலை ஒருவர் கழுவச் சொன்னார். உங்கள் குடும்ப ஜெபத்தில் யார் யாருடைய காலைப் பார்க்கிறார்கள்? மனைவி சொன்னால் கேட்கிறீர்களா? ஆயர் சொன்னால் சபை மாறுகிறீர்களா?

சற்று நேரம் மௌனமாயிருந்து, பிறகு ஜெபிப்போம்.