ஆர்கைல் தெருவில் ஒரு கல்வீடு

சிட்னிக்குப் போகிறவர்கள் ஓப்பரா ஹவுஸையும் துறைமுகப் பாலத்தையும் பார்த்துவிட்டு, ஏதாவது ஒரு கண்ணாடிக் கோபுரத்தில் அறை எடுத்துத் தூங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்திலேயே 1836-ல் கட்டிய கல்வீடு ஒன்றில் தங்கலாம். பெயர் லார்ட் நெல்சன். கீழே மதுக்கூடம், மேலே அறைகள்.

சர்குலர் கீ நிலையத்தில் இறங்கி, ஆர்கைல் தெருவோடு மேற்கே நடந்து செல்லுங்கள். தெரு ஓரிடத்தில் பாறையைப் பிளந்துகொண்டு போகும். 1843-ல் கைதிகள் உளியும் சுத்தியலுமாக வெட்டத் தொடங்கிய வழி அது. பின்னர் வெடிமருந்து வைத்து, கூலியாட்களைக் கொண்டு 1859-ல்தான் முடித்தார்கள். அதைத் தாண்டி, கேரிசன் தேவாலயத்தையும் கடந்தால், கென்ட் தெரு முனையில் மூன்று அடுக்கு மணற்கல் கட்டடம் நிற்கிறது.

சுவர்ப்பூச்சு வேலை செய்த வில்லியம் வெல்ஸ் தன் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு இது. 1841-ல் மது விற்க உரிமம் வாங்கி, டிரஃபால்கர் போரில் இறந்த கடற்படைத் தளபதியின் பெயரை வைத்தார். அந்த நெல்சன், பதின்பருவத்தில் சீஹார்ஸ் என்ற கப்பலில் நம் சென்னைக் கரைக்கும் வந்து போனவர். கிழக்குக் கடல்களில் பிடித்த மலேரியாதான் அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பியது.

சிட்னியின் மூத்த மதுக்கூடம் எது என்று கேட்டுவிடாதீர்கள். பக்கத்திலுள்ள ஃபார்ச்சூன் ஆஃப் வார் 1828 என்று போர்டு மாட்டியிருக்கிறது. ஹீரோ ஆஃப் வாட்டர்லூவும் சண்டைக்கு வரும். எனக்கு வெல்ஸின் சுவர்களே போதும்.

குடிக்கிற இடத்துக்கு மேலே எதற்குப் படுக்கை என்கிறீர்களா? மது விற்பவர் வழிப்போக்கருக்குத் தங்க இடமும் தர வேண்டும் என்றது அந்தக் காலத்துச் சட்டம். சிட்னி இருக்கும் அதே மாநிலத்தில் 1916 முதல் 1955 வரை மாலை ஆறு மணிக்கே மதுக்கூடங்களை மூடினார்கள். ஐந்து மணிக்கு வேலை விட்டதும் ஓடிவந்து, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த மட்டும் குடித்துத் தீர்த்தது ஊர். குடியைக் குறைக்கப் போட்ட சட்டம் அவசரக் குடியைத்தான் வளர்த்தது.

1980-களில் இந்த வீட்டைப் புதுப்பித்தவர்கள் கல்லை மறைக்காமல் விட்டார்கள். அறைக்குள் படுத்தபடியே சுவரைத் தொட்டால் உளியின் தழும்பு விரலில் படுகிறது. லிஃப்ட் கிடையாது, படியேறத்தான் வேண்டும். வெள்ளி, சனி இரவுகளில் கீழிருந்து சிரிப்பும் கண்ணாடிக் குவளைச் சத்தமும் மேலே வரும். அதைத் தாங்காதவர்கள் வார நாளில் போவது நல்லது.

சாப்பாட்டுக்கு மேசையில் உட்கார்ந்து ஆளைக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். நீங்களே கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுக்க வேண்டும். உழவர் மதியத்தட்டு என்று ஒன்று இருக்கிறது: ரொட்டி, பாலாடைக்கட்டி, குளிர்ந்த இறைச்சித் துண்டுகள், வினிகரில் ஊறிய சின்ன வெங்காயம். இறைச்சி வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வெங்காயத்தின் புளிப்பு நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. பீர் இந்தக் கட்டடத்திலேயே காய்ச்சியது. த்ரீ ஷீட்ஸ் என்பது பெயர் பெற்ற ரகம். ஸ்கூனர் என்று கேட்டால் 425 மில்லி, மிடி என்றால் 285. குடிக்காதவர்களை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை.

மறுநாள் பகலில் பின்புறக் குன்றுக்கு ஏறுங்கள். 1858-ல் எழுந்த வானாய்வகக் கோபுரத்தின் உச்சியிலிருந்து மதியம் ஒரு மணிக்கு ஒரு பந்து கீழே இறங்கும். துறைமுகத்திலிருந்த மாலுமிகள் அதைப் பார்த்துத்தான் கப்பல் கடிகாரத்தைச் சரிசெய்தார்கள்.

குன்றிலிருந்து தெரிகிற பழைய தெருக்கள் தப்பியதும் தற்செயல் அல்ல. 1970-களில் ராக்ஸ் எனப்படும் இந்தப் பகுதியை இடித்து அலுவலகக் கோபுரங்கள் எழுப்ப அரசு திட்டமிட்டபோது, குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். ஜாக் மண்டியின் தலைமையில் இருந்த கட்டடத் தொழிலாளர் சங்கம் அங்கே வேலை செய்ய மறுத்துவிட்டது.

சிட்னி போகும் எண்ணம் இருந்தால் ஓரிரவாவது இங்கே தங்குங்கள். அறைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.