செய்தி வந்தால் போதுமா, கண்ணில் பட வேண்டாமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நம் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. அன்று வர இயலாத குழுக்களுக்காக இங்கே தருகிறோம்.)



குழுக்களுக்குக் கூட்டமைப்பு அனுப்பும் செய்திகளுக்கென்று கைபேசியில் தனியாக ஒரு செய்திப் பெட்டி வைப்பது என்று போன செயற்குழுவில் தீர்மானம் போட்டோம். அதைச் செய்து தருவதாகச் சொன்ன கணினி படிக்கிற பிள்ளைகள் முதலில் கேட்ட கேள்வி, "திரையில் எது எங்கே இருக்கணும்?" என்பதுதான். "அதை நான் ஒருத்தியாகச் சொல்ல முடியாது தம்பி, எங்க அக்காமாரைக் கேட்கணும்" என்றேன். அதற்காகத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

"இதுக்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு நம்மில் பலர் போட்டிருக்கிறோம். வருஷத்துக்கு 436 ரூபாய். மே மாதக் கடைசியில் வங்கியே கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும். நமக்குத் தெரிந்த ஒரு குழுவில் ஒரு அக்கா கணக்கில் அந்த நேரம் பணம் போதவில்லை. "இருப்பு குறைவு, தொகை பிடிக்க முடியவில்லை" என்று வங்கியிலிருந்து செய்தி வந்திருக்கிறது. ஆவணி மாதம் அந்த அக்கா காலமானார். காப்பீட்டுக்கு மனுக் கொடுக்கப் போனபோதுதான் விஷயமே தெரிந்தது. மகன் கைபேசியைத் திறந்து தேடினால் அந்தச் செய்தி பத்திரமாக இருக்கிறது! ரீசார்ஜ் விளம்பரம், லோன் வேண்டுமா, பரிசு விழுந்திருக்கிறது, இவற்றுக்கு நடுவில் திறக்காமலே கிடக்கிறது. அனுப்ப வேண்டியவர்கள் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது. கண்ணில்தான் படவில்லை.

ஆகவே இது அழகுக்காகச் செய்கிற வேலை இல்லை. எது மேலே நிற்க வேண்டும், எது கீழே போக வேண்டும் என்பதில் ஒரு குடும்பத்தின் 2 லட்சம் இருக்கிறது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின்னஞ்சல் புதிதாக வந்தபோது, வந்த கடிதம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நீளமாக ஓடுமாம். கடைசிக் கடிதத்தைப் படிக்க முன்னால் இருப்பதையெல்லாம் தாண்டித்தான் வரவேண்டும். அந்த வலையமைப்புக்குப் பணம் கொடுத்த அரசு நிறுவனத்தின் இயக்குநர் லூக்காசிக் என்பவர், இதில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று சலித்துக்கொண்டார். அங்கேயே வேலை பார்த்த லாரி ராபர்ட்ஸ் என்பவர் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தார். யாரிடமிருந்து, எதைப் பற்றி என்று ஒரு பட்டியல் காட்டும். வேண்டியதை மட்டும் எடுத்துப் படிக்கலாம், வைத்துக்கொள்ளலாம், அழிக்கலாம். இன்றைக்கு நாம் பார்க்கிற எல்லாச் செய்திப் பெட்டிக்கும் அதுதான் பாட்டி.

நம் வீடுகளிலும் ஒரு செய்திப் பெட்டி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? கொக்கி மாதிரி வளைத்த ஒரு கம்பி. கடிதம், கரண்ட் பில், வீட்டு வரி ரசீது எல்லாம் அதில் குத்தித் தொங்கும். புதுசு மேலே, பழசு அடியில். வரி ரசீது வேண்டுமென்றால் எல்லாவற்றையும் உருவி எடுத்து, மறுபடி குத்த வேண்டும். கைபேசியின் செய்திப் பெட்டியும் அந்தக் கம்பிதான். எது கடைசியாக வந்ததோ அது மேலே. அது முக்கியமா இல்லையா என்று கம்பிக்குத் தெரியாது.

2004 ஏப்ரல் 1-ல் கூகுள் ஜிமெயிலைத் தொடங்கியபோது இந்தக் கம்பியைக் கொஞ்சம் மாற்றினார்கள். ஒரே விஷயமாகப் போய் வந்த கடிதங்களை ஒரு கட்டாகக் கட்டிக் காட்டினார்கள். அழிக்காமல் ஓரமாக எடுத்து வைக்க ஒரு பொத்தான் வைத்தார்கள், பெயரைப் போட்டுத் தேட வழி செய்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் அது மேசையில் உட்கார்ந்து, பெரிய திரையில், ஆங்கிலம் படிக்கிறவரை நினைத்துச் செய்தது. நிலக்கோட்டைப் பக்கம் விடிவதற்கு முன்னே பூ எடுக்கப் போகிற அக்காவை நினைத்துச் செய்தது இல்லை.

நம்மை நினைத்தும் ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். தொலைவில் இல்லை, மதுரைப் பக்கம்தான். தபன் பாரிக் என்ற கணினி ஆய்வாளரும் அவர் நண்பர்களும், மதுரையின் சி.சி.டி. தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, சுய உதவிக் குழுக் கணக்குக்கு எப்படிப்பட்ட திரை வேண்டும் என்று ஆராய்ந்தார்கள். 2003-ல் அதுபற்றிய கட்டுரை வெளியானது. திரையின் மாதிரிகளைக் குழுப் பெண்களிடமே காட்டி, அவர்கள் சொன்னபடி திருத்தியிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்பட்டவர்களும் எண்களைச் சுலபமாகப் படித்தார்கள். இது நமக்குத் தெரியாததா? கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அக்கா சந்தாக் கணக்கில் பத்து ரூபாய் தவறினாலும் பிடித்துவிடுவாரே!

பிறகு அதே பாரிக் இன்னொன்று செய்தார். நாம் பழகிய காகிதப் படிவத்தையே வைத்துக்கொண்டு, அதில் குறி அச்சடித்து, கேமரா கைபேசியால் அதைப் படம் பிடித்தால், கைபேசி தமிழில் குரல் கொடுத்து என்ன எண் போட வேண்டும் என்று கேட்கும். எண்ணைத் தட்டினால் போதும். கைபேசியில் பட்டன் இருந்த காலத்தில், 2006-க்கு முன்பே, தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது கேமரா இல்லை. புதுத் திரையைப் பழகுங்கள் என்று நம்மிடம் சொல்லாமல், நாம் பழகிய நோட்டிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள் பாருங்கள், அதுதான்.

நாமும் நம் நோட்டிலிருந்தே தொடங்குவோம். கூட்டமைப்பின் சுற்றறிக்கை நோட்டு எல்லோருக்கும் தெரியும். இடது பக்கம் செய்தி, வலது பக்கம் ஒவ்வொரு குழுவும் பார்த்துக் கையெழுத்து. வாட்ஸ்அப்பின் இரண்டு நீலக் குறியும் இந்தக் கையெழுத்தும் ஒன்றுதான், "பார்த்தேன்" என்பதோடு சரி. ஆனால் பார்த்தது வேறு, செய்தது வேறு இல்லையா? கைபேசியில் திறக்காத செய்தி தடித்த எழுத்தில் நிற்கும். ஒரு தடவை தொட்டுவிட்டால் மெலிந்து, பழைய செய்திகளோடு கலந்துவிடும். பேரன் விளையாட்டாகத் தொட்டாலும் மெலிந்துவிடும். தணிக்கைக்கு நோட்டுக் கொண்டுவரச் சொன்ன செய்தி, நோட்டு வந்து சேரும்வரை தடித்துத்தான் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. ஆகவே ஒவ்வொரு செய்தியின் கீழும் "செய்தாச்சு" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தும்வரை அது மேலேயே இருக்கும்.

வரிசையும் அப்படித்தான். கடைசியாக வந்தது மேலே என்று வேண்டாம். கெடு எது முன்னால் முடிகிறதோ அது மேலே. தேதி பெரிய எண்ணில். செய்தி எதைப் பற்றியது என்பதற்கு ஒரு சின்னப் படம்.

படத்தில் ஒரு சங்கடம் வந்தது. பிள்ளைகள் போட்டுவந்த படங்களைச் சின்னாளப்பட்டிக் குழு ஒன்றில் காகிதத்தில் வெட்டி, பாயில் பரப்பினோம். கடனுக்கு ரூபாய்ப் படம், கூட்டத்துக்கு மணி. "மணின்னா கோயில்தானே?" என்றார் ஒரு பாட்டி. இன்னொருவர் பள்ளிக்கூடம் என்றார். வட்டமாக உட்கார்ந்த பெண்கள் படத்தைக் காட்டியதும் யாரும் கேட்கவில்லை, "குழுக் கூட்டம்" என்றார்கள். அதனால் படம் மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லும், அழுத்தினால் படித்துச் சொல்ல ஒரு ஒலிபெருக்கிக் குறியும் இருக்கட்டும். அவசரத்துக்குச் சிவப்பு வண்ணம் மட்டும் வைப்பதும் உதவாது. நூறு நாள் வேலையில் வெயிலில் நின்று பாருங்கள், சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. எழுத்துப் பெரிதாக இருந்தால்தான் உண்டு.

"வங்கி ஏன் தமிழில் அனுப்ப மாட்டேன் என்கிறது?" என்று ஆத்தூர்க் குழுவில் கேட்டார்கள். சில வங்கிகள் அனுப்புகின்றன. ஆனால் ஒரு எஸ்.எம்.எஸ்.-க்குள் ஆங்கிலம் 160 எழுத்து அடங்கும், தமிழ் 70-தான். அந்த 70-ம் நம் கணக்கில் 70 இல்லை. "கொடுத்தோம்" என்பது நமக்கு ஐந்து எழுத்து. கைபேசிக்குப் பத்து. எழுத்து தனி, கொம்பு தனி, புள்ளி தனி என்று எண்ணுகிறது. ஏழெட்டுச் சொல்லில் ஒரு செய்தி தீர்ந்துவிடும், மேலே போனால் இரண்டு மூன்று செய்தியின் காசு. இது காரணம்தான், சாக்கு ஆகாது என்பேன். நம் பெட்டி இணையம் வழியாகப் போவதால் இந்தக் கட்டுப்பாடு நமக்கு இல்லை. ஆனாலும் ஏழெட்டுச் சொல்லுக்குள் எழுதுவது நல்ல பழக்கம்தான். முதல் வரியிலேயே என்ன, எப்போது என்று வந்துவிட வேண்டும். "அன்புடையீர், நலம் நலமறிய ஆவல்" என்று தொடங்கினால் திரையில் அந்த நலம்தான் தெரியும், தேதி தெரியாது.

இனி நீங்கள் சண்டை போடப் போகிற விஷயத்துக்கு வருகிறேன். கைபேசி பூட்டியிருக்கும்போதே செய்தி மேலே எட்டிப் பார்க்கும் இல்லையா, அதில் தொகை தெரியலாமா? செம்பட்டிக் குழுவில் பாதிப் பேர் தெரிய வேண்டும் என்றார்கள். பூட்டைத் திறக்கப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வரவேண்டும், அதுவரை காத்திருக்க முடியாது என்பது அவர்கள் நியாயம். மீதிப் பேர் கூடவே கூடாது என்றார்கள். ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "தாயி, போன் எங்க வீட்டுக்காரர் சட்டைப் பையில இருக்கு. உள்கடன் வந்திருச்சுன்னு அவருக்கு முதல்ல தெரிஞ்சா, சாயங்காலம் அது வீட்டுக்கு வராது." அதற்குப் பிறகு அங்கே யாரும் எதிர்த்துப் பேசவில்லை. என் எண்ணம், வெளியே "கூட்டமைப்பிலிருந்து ஒரு செய்தி" என்று மட்டும் தெரியட்டும். தொகை தெரிய வேண்டும் என்கிறவர் தானாக மாற்றிக்கொள்ளட்டும். வேண்டாம் என்கிறவர் போய் மாற்றித்தான் பாதுகாப்புப் பெற வேண்டும் என்று வைப்பது சரியில்லை. ஏனென்றால் அந்த அக்காவுக்குத்தான் கைபேசி கைக்கே வருவதில்லை.

அழிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பழைய நோக்கியாவில் சிம் நிறைந்துவிட்டால் உறைப் படம் மினுக்கிக்கொண்டே இருக்கும், அழித்தால்தான் அடுத்த செய்தி வரும். அந்தப் பழக்கத்தில் இன்றும் பலர் மொத்தமாக அழித்துவிடுகிறார்கள், வங்கிச் செய்தியும் சேர்ந்து போய்விடுகிறது. எஸ்.எம்.எஸ். தம்மாத்துண்டு இடம்தான் பிடிக்கும். இடத்தை அடைப்பது காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும். நம் பெட்டியில் அழித்தது 30 நாள் குப்பைக்கூடையில் இருக்கட்டும், ஜிமெயிலில் இருப்பது மாதிரி.

புதுப் பெட்டி வர மாதங்கள் ஆகும். அதுவரை செய்ய வேண்டியது இரண்டு. உங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில், நிர்வாகி மட்டும் செய்தி போடலாம் என்று மாற்றும் வசதி 2018-லிருந்து இருக்கிறது. அறிவிப்புக்கென்று அப்படி ஒரு குழு வையுங்கள், காலை வணக்கத்துக்கு வேறு குழு. அடுத்து, நிறுவனங்களிடமிருந்து வரும் எஸ்.எம்.எஸ்.-ல் அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஒரு சிறு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் 2025 முதல் வருகிறது. ஜி என்றால் அரசு, டி என்றால் கணக்கில் பணம் வரவு செலவு மற்றும் ஓ.டி.பி., எஸ் என்றால் சேவை, பி என்றால் விளம்பரம். இந்த நான்கு எழுத்தையும் பிள்ளைகளை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து "உங்கள் வங்கி" என்று வந்தால் அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள், நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். நம் கூட்டமைப்புச் செய்தியில் இணைப்பும் இருக்காது, ஓ.டி.பி.-யும் கேட்க மாட்டோம்.

ஒவ்வொரு குழுவுக்கும் இன்று ஒரு உறை தருகிறோம். உள்ளே திரை அளவுக்கு வெட்டிய ஐந்து அட்டைகள் இருக்கின்றன. குழுக் கூட்டத்தில் பாயில் பரப்பி, எது மேலே, எது கீழே என்று நீங்களே அடுக்கி ஒட்டி அனுப்புங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்தான் முதலில் அடுக்க வேண்டும், ஊக்குநர் கடைசியில். பூட்டிய திரையில் தொகை தெரியலாமா என்பதற்குக் கைதூக்கச் சொல்லாதீர்கள். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்து, மூடிய டப்பாவில் போடச் சொல்லி எண்ணிக்கையை உறையின் மேல் எழுதுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது கணக்கு நோட்டோடு சேர்த்து உறையையும் கொண்டு வாருங்கள்.