தெருவையே மேடையாக்கிய சப்தர் ஹாஷ்மி

(உடையார்பாளையத்தில் விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்தக் கூட்டத்துக்கு ஏற்பாடு நடந்தபோது நம் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏம்ப்பா, முந்திரிக்காட்டில் கூலி பாக்கி நிற்கிறது. தறிக்காரனுக்கு நெய்த கூலி வயிற்றுக்குப் போதவில்லை. இந்த நேரத்தில் நாடகக்காரனைப் பற்றி என்ன பேச்சு வேண்டிக் கிடக்கிறது?" கேள்வி நியாயமானது. நாம் கோபித்துக்கொள்ளவில்லை. இன்றைய பேச்சு முழுவதும் அவருக்குச் சொல்லும் பதில்தான்.

சப்தர் ஹாஷ்மி 1954 ஏப்ரல் 12ந் தேதி டில்லியில் பிறந்தார். தாயார் கமர் ஆஜாத் ஹாஷ்மி சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை. மகன் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. தேறினார். அவசரநிலைக் காலத்தில் நாடகம் போட வழியில்லாமற் போகவே, கடுவால், காஷ்மீர், டில்லி சர்வகலாசாலைகளில் வாத்தியார் வேலை பார்த்தார். பிறகு டில்லியில் மேற்கு வங்க சர்க்காரின் செய்தி அதிகாரி. நல்ல சம்பளம், நாற்காலி, மரியாதை எல்லாம் இருந்தன. அவற்றை உதறிவிட்டு முழுநேர ஊழியராக வந்தார். முழுநேர ஊழியனின் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்று நமக்குத் தெரியும். ஆகவே அதை இங்கே விஸ்தரிக்க வேண்டாம்.

1973ல் டில்லியில் சில வாலிபர்கள் சேர்ந்து 'ஜன நாட்டிய மஞ்ச்' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். சுருக்கமாக 'ஜனம்' என்பார்கள். ஜனம் என்றால் நம் தமிழில் என்ன பொருளோ, இந்தியில் அதற்குப் பிறப்பு என்று பொருள். இரண்டுமே பொருத்தம்தான். முதலில் பெரிய மேடை, திரை, விளக்கு என்று நாடகம் போட்டார்கள். அவசரநிலை முடிந்தபின் பார்த்தால், அவர்களை அழைக்க வேண்டிய தொழிற்சங்கங்களிடம் கொட்டகைக்கும் விளக்குக்கும் கொடுக்கப் பணம் இல்லை. அப்படியானால் கொட்டகையும் விளக்கும் இல்லாத நாடகம் எழுதுவோம் என்று தீர்மானித்தார்கள். வறுமையில் பிறந்த யோசனை அது. ஆனால் நம் ஊர்க் கூத்து காலங்காலமாகச் செய்துவந்ததும் அதுதானே!

இந்த உடையார்பாளையத்தில் ஜமீன் இருந்தது. கனம் கிருஷ்ணையர் போன்ற மகா வித்துவான் அந்த ஜமீனின் ஆதரவில் இருந்தார். அந்தச் சங்கீதத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அரண்மனைக்குள் அவர் பாடியபோது வெளியே வயலில் நின்ற நம் பாட்டன் காதில் அது விழுந்திருக்குமா? நம் பாட்டனுக்குக் கிடைத்தது கூத்து. தீப்பந்த வெளிச்சத்தில், மண் தரையில், சுற்றி உட்கார்ந்து பார்த்த கூத்து. சப்தர் அதே மண் தரையில் வந்து நின்றார்.

முதல் வீதி நாடகத்தின் பெயர் 'மெஷின்'. 1978ல் போட்டது. டில்லிக்கு அருகே காஜியாபாத்தில் ஒரு ஆலை. அங்கே தொழிலாளிகள் வைத்த கோரிக்கைகளில் இரண்டைக் கேளுங்கள்: சைக்கிள் நிறுத்த ஓர் இடம், இடைவேளையில் தேநீர் குடிக்க ஓர் இடம். இதற்குக்கூட நிர்வாகம் இணங்கவில்லை. வேலைநிறுத்தம் செய்தார்கள். காவலாளிகள் சுட்டார்கள். ஆறு தொழிலாளிகள் செத்து விழுந்தார்கள். ஒரு சைக்கிள் கொட்டகைக்கு ஆறு உயிர்!

இதைக் கேட்டதும் சப்தரும் நண்பர்களும் நாடகம் எழுதினார்கள். சுமார் 13 நிமிஷம்தான். திரையில்லை, ஜோடனையில்லை. நடிகர்கள் ஒருவரோடு ஒருவர் பிணைந்து, கையும் காலும் ஆட்டி, வாயால் சத்தமெழுப்பி, தாங்களே ஒரு யந்திரமாகிவிடுவார்கள். யந்திரம் ஓடும், ஓடும், திடீரென்று நின்றுபோகும். ஏன் நின்றது என்ற கேள்வியிலிருந்து தொழிலாளி பேசுவான், முதலாளி பேசுவான், காவலாளி பேசுவான். எட்டு மணி நேரம் மெஷினோடு மெஷினாக நிற்கும் ஆலைத் தோழருக்கு இதை நாம் விளக்க வேண்டுமா? அரியலூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவர் எவரும் முதல் நிமிஷத்திலேயே தம்மை அதில் கண்டுகொள்வார்.

பிறகு நாடகங்கள் வரிசையாக வந்தன. 'கிராமத்திலிருந்து நகரத்துக்கு' என்பது நிலத்தைப் பறிகொடுத்த சிறு விவசாயி ஆலைக் கூலியாகிற கதை. பஸ் கட்டணம் உயர்ந்தபோது அதைப் பற்றி உடனடியாக ஒரு நாடகம். 1979ல் 'அவுரத்', அதாவது பெண். வீட்டிலும் வேலையிலும் பெண் படுகிற பாட்டைச் சொல்வது, பல மொழிகளுக்குப் போனது. கார்க்கியின் 'எதிரிகள்' நாடகத்தையும் இந்திக்குக் கொண்டுவந்தார்.

குழந்தைகளுக்கும் எழுதினார், தோழர்களே. நாடகத்தில் புகழ்பெற்றவர் பலருக்குக் குழந்தைகள் கண்ணில் படுவதில்லை. சப்தருக்குப் பட்டார்கள். தாயார் பிள்ளைகளோடு பழகிய விதத்தைப் பார்த்து வளர்ந்தவர் அல்லவா? புத்தகத்தைப் பற்றி, இந்த உலகம் எல்லோருக்கும் சொந்தம் என்பதைப் பற்றி, பிள்ளைகள் வாய்க்கு இலகுவான பாட்டுகள். அவர் மறைவுக்குப் பின் படங்களோடு புத்தகமாக வந்தன. உழைப்பவர்கள் படிக்கக் கற்க வேண்டுமென்று அவர் இந்தியில் எழுதிய பாட்டு எழுத்தறிவு இயக்கத்தில் ஊர் ஊராகப் பாடப்பட்டது. அதே 1990களில் நம் பக்கத்திலும் அறிவொளி வந்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் சிலர் கையெழுத்துப் போடக் கற்றது அந்த அரிக்கேன் விளக்கில்தான்.

1988 நவம்பரில் டில்லித் தொழிலாளிகள் ஏழு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,050 ரூபாய் வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. அதற்காகப் போட்ட நாடகமே மாற்றங்களோடு 'ஹல்லா போல்' ஆயிற்று. அதில் ஒரு வேடிக்கை. போலீஸ்காரன் வந்து நாடகத்தை நிறுத்தச் சொல்கிறான். "இது காதல் கதை ஐயா" என்று நடிகர்கள் சமாளிக்கிறார்கள். காதல் கதையும் நடக்கிறது. பெண்ணின் தகப்பனார் குறுக்கே நிற்கிறார். உன் சம்பளத்தில் என் மகள் எப்படிப் பிழைப்பாள் என்கிறார். காதலும் கூலியில் வந்து முட்டிக்கொள்கிறது.

1989 ஜனவரி 1. காஜியாபாத் பக்கம் சாகிபாபாத்தில் ஜண்டாபூர் என்ற தொழிலாளர் குடியிருப்பு. நகராட்சித் தேர்தல் காலம். நாடகம் நடந்துகொண்டிருந்தபோது எதிர்த்தரப்பு வேட்பாளர் கூட்டத்தோடு வந்தார், வழிவிடச் சொன்னார். கொஞ்சம் பொறுங்கள், அல்லது வேறு வழியாகப் போங்கள் என்றார் சப்தர். இரும்புத் தடிகளோடு பாய்ந்தார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். நடிகர்கள் சங்க அலுவலகத்துக்குள் ஓடினார்கள். மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்று சப்தர் பின்னால் நின்றார். அகப்பட்டவரைத் தெருவில் போட்டு மண்டையில் அடித்தார்கள். மறுநாள் இரவு டில்லி ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 34.

ஜனவரி 3ந் தேதி ஆயிரமாயிரம் ஜனங்கள் ஊர்வலமாகச் சென்று வழியனுப்பினார்கள். ஜனவரி 4ந் தேதி அவருடைய மனைவி மலயஸ்ரீ குழுவோடு அதே ஜண்டாபூருக்குப் போனார். பாதியில் நின்ற நாடகத்தை அதே இடத்தில் முழுவதும் நடித்துக் காட்டினார். புருஷனை இழந்து இரண்டு நாள்கூட முழுதாக ஆகவில்லை! நினைத்துப் பார்க்கும்போது இப்போதும் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

வழக்கு 14 வருஷம் இழுத்தது. 2003 நவம்பரில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். ஏப்ரல் 12ந் தேதியை வீதி நாடக தினமாக நாடெங்கும் கொண்டாடுகிறார்கள்.

பெரியவரே, உங்களுக்கு வருகிறோம். கூலி பாக்கிக்கு மனுக் கொடுத்தோம். மனுவைப் படித்தவர் ஒரு அதிகாரி. நோட்டீஸ் போட்டோம். வாங்கியவர்களில் பாதிப் பேர் படிக்காமலே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். அதே கணக்கை, இத்தனை நாள் வேலை, இத்தனை ரூபாய் பாக்கி என்று, நம் பிள்ளைகள் சந்தையில் நடித்துக் காட்டினால் கேட்காமல் யார் போவார்கள்? சென்னையில் சென்னைக் கலைக்குழு 1984 முதலே இப்படித்தான் தெருவில் நின்று நாடகம் போட்டது. நமக்கு அரண்மனையும் தேவையில்லை, கொட்டகையும் தேவையில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள். பறை ஒன்று இருக்கிறது. எழுத ஒரு தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். பெண் வேஷத்துக்கு ஆண்பிள்ளை வேண்டாம், நம் பெண்களே நடிக்கட்டும். ஒப்பந்தக்காரர் வேஷத்துக்கு மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. பெரியவருக்கு மீசையும் குரலும் இருப்பதால் அவரையே கேட்கலாமென்று இருக்கிறோம்.