வைத்தியக் கல்வியும் பாடத் தெரிவும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம்மவரிற் சிலர் அமெரிக்காவிலே குடியேறியுள்ளனர். அவர்தம் மக்கள் வைத்தியராக விரும்பின், கலாசாலையில் ஜீவசாஸ்திரத்தையே பிரதான பாடமாக எடுத்தல் வேண்டுமெனப் பெற்றோர் வற்புறுத்துகின்றனர். இஃது இந்நாட்டு வழக்கத்தினின்று எழுந்த எண்ணம். இங்கே பள்ளிப்படிப்பு முடிந்ததும் வைத்தியக் கல்லூரியிற் சேரலாம். ஆங்கோ பெரும்பாலும் 4 ஆண்டுப் பட்டத்தின் பின்னரே சேர்தல் கூடும்.

அக்கல்லூரிகளிற் பெரும்பாலானவை வேண்டுவன ஜீவசாஸ்திரம், ரசாயனம், பௌதிகம் முதலியவற்றிற் சில வகுப்புகளும், எம்காட் என்னும் பரீட்சையுமே. பிரதான பாடம் சரித்திரமாயினும் சங்கீதமாயினும் தடையில்லை. 2015 முதல் அப்பரீட்சையிலேயே மனோதத்துவமும் சமூகவியலும் இடம்பெற்றுள்ளன.

அண்மை ஆண்டுகளில் விண்ணப்பித்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இடம் கிடைக்கவில்லை. கிடையாதவர் கையில் எஞ்சுவது அப்பட்டம் ஒன்றே. விருப்பமின்றிக் கற்று மார்க்குக் குறையின், இடமும் போம். பட்டமும் பயன் குன்றும்.

ஆதலின், பெற்றோர்களே! கட்டளையிடுமுன், “எதிலே உனக்கு ஊக்கம்?” என்று ஒரு முறை கேளுங்கள். பிள்ளைகளே! விரும்பிய பாடத்தை எடுங்கள். ஆயின் வேண்டிய விஞ்ஞான வகுப்புகளை முதலாண்டிலேயே கணக்கிட்டுக் கொள்ளுங்கள். இவ்விரண்டும் கூடின் எவ்வழியிலும் நஷ்டமில்லை.