மண்ணுக்கு மட்டும் விலையில்லை
(சங்கத்தின் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் வீட்டுக் கராஜில் மட்பாண்டம் வனைந்து இணையத்தில் விற்கிறேன். "மண்தானே, ஏன் இந்த விலை?" எண்டு எங்கட ஆக்களே கேட்கினம்.

ஒரு கோப்பையை வனையப் பத்து நிமிடம் போதும். பிறகு அடி செதுக்கி, பிடி ஒட்டி, ஆறுதலாகக் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் வெடிக்கும். மின்சூளையில் முதலில் சுமார் 1,000 பாகை செல்சியஸ். கண்ணாடிப் பூச்சுப் பூசியபின் சுமார் 1,240. அதற்குள் ஏறக்குறைய பத்திலொரு பங்கு சுருங்கிவிடும். சிலது கோணலாகும்.

தொடக்கத்தில் தபால் செலவோடு 10 பவுணுக்கு விற்றேன். 2022இல் பிரித்தானியாவில் மின்சாரக் கட்டணம் ஏறியபோதுதான் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். மண், மின்சாரம், பெட்டி, தபால் எல்லாம் கழிக்க மிச்சம் 2 பவுண். தபாலில் உடைந்ததுக்குப் பதில் அனுப்ப அதுவும் போச்சு. என்ர கூலியை நான் எழுதவே இல்லை!

இப்போது கூலி, உடைவு இரண்டையும் சேர்த்தே விலை போடுறன். தபால் செலவு தனி. விற்பனை குறைந்ததுதான்; ஆனால் கைக்காசு போடுறதில்லை.

தையலோ, பலகாரமோ, வீட்டில் தொழில் தொடங்கும் சகோதரிகளே, கொப்பியின் முதல் வரியில் உங்கட நேரத்தின் விலையை எழுதுங்கோ. நாங்கள் எழுதாவிட்டால் வேறொருவரும் எழுதமாட்டினம்.