பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி



நான் எண்ணூர். பத்தாவதுதான் படிச்சிருக்கேன். என் தங்கச்சி கல்லூரியில கபடி ஆடுறா. விளையாட்டு நிர்வாக வேலைக்குப் போகணும்னு ஆசை. ஆறு மாசத்துல சான்றிதழ், வேலை நிச்சயம்னு ஒரு இடத்துல 40,000 ரூபாய் கேட்டாங்க. குழுவுல கடன் கேட்டேன். ஊக்குநர் அக்கா, “எந்த வேலை அறிவிப்புல இந்தச் சான்றிதழைக் கேட்டிருக்காங்க? காட்டும்மா”ன்னாங்க. என்கிட்ட பதில் இல்லை.

அக்காவும் தங்கச்சியுமா உக்காந்து அறிவிப்புகளைத் தேடிப் படிச்சோம். அரசுப் பயிற்சியாளர் வேலைக்குப் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயத்துக்கு மதிப்பு. அங்கேயே தரும் 6 வாரச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. உடற்கல்வி ஆசிரியருக்கு பி.பி.எட். மாதிரி பட்டம் வேணும். தமிழக அரசு வேலையில 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு, களத்துல ஆடி வாங்கின சான்றிதழ்தான் பேசும். நிர்வாகம்தான் வேணும்னா, மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத்துல விளையாட்டு மேலாண்மையே பட்டப்படிப்பா இருக்கு.

சான்றிதழே வீண்னு நான் சொல்லல. போட்டி நடத்தின அனுபவத்தோட சேர்ந்தா கைகொடுக்கும்; தனியா நின்னா வெறும் காகிதம்.

கடன் மனுவைத் திரும்ப வாங்கிட்டேன். தங்கச்சி முதல்ல அழுதா. இப்போ எங்க பகுதிப் போட்டியில அணிப் பதிவும் வரவு செலவும் அவதான் பாக்குறா.

நம்ம சேமிப்புப் பணம், தங்கச்சிங்களே. கட்டுறதுக்கு முன்னாடி அந்த ஒரு கேள்வியைக் கேளுங்க.